ஒரே கவுன்சில், இரண்டு பாதி வடிகால்

வியர் லேன் தெரு இறங்கி முடியும் இடத்தில், நோரீன் ஹாப்லியின் பொரித்த மீன் கடைக்கு நேர் எதிரே, ஒரு மழைநீர் வடிகால் இருக்கிறது. அதன் மேல் ஓர் இரும்புக் கிராதி. கிராதியின் ஒரு பாதி சாலையில் கிடக்கிறது, மறு பாதி கார் நிறுத்தத்தில். இங்கிலாந்தில் எங்கள் மார்ல்ஷயருக்கு உள்ளாட்சி இரண்டு: ஐம்பது ஆண்டுகளாகச் சாலைகள் எல்லாம் கவுண்டி கவுன்சிலுக்குச் சொந்தம், கார் நிறுத்தங்கள் எல்லாம் மாவட்ட கவுன்சிலுக்குச் சொந்தம். ஆகவே அந்தக் கிராதி இரண்டு அரசாங்கங்களின் எல்லை. காவலுக்கு ராணுவம் மட்டும்தான் இல்லை.

ஏற்பாட்டில் குழப்பம் எதுவும் இருந்ததாக யாரும் எண்ண வேண்டாம். குப்பையை அள்ளுவது மாவட்டம், அள்ளிய குப்பையை எரிப்பது கவுண்டி. சாலையோரப் புல்லை வெட்டுவது கவுண்டி, புல்லுக்குள் கிடக்கும் காகிதத்தைப் பொறுக்குவது மாவட்டம். முதலில் புல் வெட்டும் வண்டி வந்து ஒரு காகிதத்தை நாற்பது துண்டாக்கும். மறுவாரம் பொறுக்குகிறவர் வந்து நாற்பதையும் தேடுவார். இரண்டையும் ஒருங்கிணைக்க ஒரு கூட்டுக் குழு வேறு இருந்தது. அது சாகும்வரை ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை.

வடிகாலும் அப்படித்தான். அது அடைத்துக்கொண்டிருப்பதாக நோரீன் ஒன்பது வருடம் கடிதம் எழுதினாள். எழுதியதற்குப் பலன் இல்லாமல் இல்லை. ஒரு மார்ச் மாதம் கவுண்டியின் சேறு உறிஞ்சும் லாரி வந்தது. அதில் வந்தவர்கள் கிராதியின் நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, தங்கள் பாதியைப் பளிச்சென்று சுத்தம் செய்துவிட்டுப் போனார்கள். மறு பாதியின் சேறு அன்று மாலையே இந்தப் பக்கம் சரிந்து வந்தது. செப்டம்பரில் மாவட்டத்து ஆட்கள் வந்து தங்கள் பாதியைச் சுத்தம் செய்தார்கள். சேறு மரியாதையாகத் திரும்பிப் போனது. இரண்டு அலுவலகங்களும் "எங்கள் பகுதி சுத்தமாக உள்ளது" என்று பதில் எழுதின. இரண்டும் உண்மை.

இதற்கிடையில் இரண்டு பெருமழைக்குத் தண்ணீர் கடைக்குள் வந்து, பொரிக்கும் அடுப்புகளை நாசம் செய்துவிட்டுப் போனது. மூன்றாம் முறை வந்தால் ஒரு பைசா தர மாட்டோம் என்று காப்பீட்டுக்காரர்கள் எழுதிவிட்டார்கள். நோரீனுக்கும் அவள் கணவன் லென்னுக்கும் அந்தக் கடையைத் தவிர வேறு எதுவும் கிடையாது. இன்னொரு மழை வந்தால் கடை முடிந்தது.

அப்போதுதான் லண்டனிலிருந்து அறிவிப்பு வந்தது. கவுண்டி, மாவட்டம் இரண்டும் கலைக்கப்படும், இனி ஒற்றைக் கவுன்சில்.

"லென், கேட்டியா? ரெண்டையும் ஒண்ணாக்குறாங்களாம்!" என்று நோரீன் செய்தித்தாளோடு அடுப்படிக்கு ஓடினாள்.

லென் மீனை மாவில் முக்கிக்கொண்டிருந்தான். "ரெண்டு சோம்பேறிய ஒரே கட்டில்ல போட்டா ஒரு உழைப்பாளி பொறப்பானா?"

"உனக்கு எப்பவும் நக்கல்தான். இனிமே யாரும் அடுத்தவனக் கை காட்ட முடியாதுடா. கை காட்ட அடுத்தவனே இருக்க மாட்டான்!"

இது அசைக்க முடியாத வாதமாகத்தான் எங்களுக்கும் தோன்றியது.

விளக்கக் கூட்டம் பூப்பந்துக் கூடத்தில் நடந்தது. கவுண்டியின் தலைவராக இருந்த ரூப்பர்ட் ஸ்கெல்டன்தான் புதிய கவுன்சிலுக்கும் தலைவர். பிறப்பதற்கு முந்தைய ஒரு வருடம் ஒற்றைக் கவுன்சில் "நிழல் கவுன்சில்" என்ற நிலையில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

"நண்பர்களே!" என்றார் ஸ்கெல்டன். "இதுவரைக்கும் ஒரு குறையச் சொல்லணும்னா எந்தக் கதவத் தட்டுறதுன்னு தெரியாம நின்னீங்க. இனிமே ஒரே கதவு. அந்தக் கதவ எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ண மூணு துணைக்குழு போட்டிருக்கோம்."

நோரீன் எழுந்தாள். "கதவு இருக்கட்டும் சார். என் வடிகால யார் சுத்தம் பண்ணுவாங்க?"

"அருமையான கேள்விம்மா! இந்த மாதிரி கேள்விக்காகத்தான் இந்த மாற்றமே. ஏப்ரல் ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுத்துக்குங்க."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கவுண்டி மூடப்போற கடை. மாவட்டமும் மூடப்போற கடை. நீங்களும் கடை வெச்சிருக்கீங்க, நீங்களே சொல்லுங்க, மூடப்போறவன் புதுசா சரக்கு எடுப்பானா? நிழல் கவுன்சில்ல தலைவர் இருக்கார், அதாவது நான். அமைச்சரவை இருக்கு. பதினாலு குழு இருக்கு. சின்னம்கூட வரைஞ்சுட்டு இருக்காங்க. அதிகாரம் ஒண்ணுதான் இன்னும் வரல."

"அப்ப மழைய ஏப்ரல் வரைக்கும் ஒத்திவைக்கச் சொல்லி யார்கிட்ட மனு குடுக்கறது?"

கூடம் சிரித்தது. ஸ்கெல்டன் சிரிக்கவில்லை. அவர் உதவியாளர் பக்கம் திரும்பி, அது எந்தத் துறை என்று விசாரித்தார்.

அந்த வருடம் மழை தயவு காட்டியது. நிழல் கவுன்சிலும் சும்மா இருக்கவில்லை. பெயர் வைப்பதற்குப் பதினோரு மாதம் ஆனது. கவுண்டிக்காரர்களுக்கு "மார்ல்ஷயர்" வேண்டும், மாவட்டத்துக்காரர்களுக்கு "ஆர்ல் பள்ளத்தாக்கு" வேண்டும். கடைசியில் இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள். எது முதலில் வரும் என்பதில் சமரசம் ஏற்படாததால், வடக்கே ஓடும் வண்டிகளில் ஒரு வரிசையும் தெற்கே ஓடும் வண்டிகளில் மறு வரிசையும் எழுதப்பட்டது. பழைய கவுன்சில்கள் இரண்டுக்கும் ஆளுக்கொரு தங்கச் சங்கிலி இருந்தது. எதையும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், புதிய அவைத்தலைவர் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று தீர்மானமானது. கனத்தில் அவர் தலை எப்போதும் குனிந்தே இருந்தது. எவ்வளவு பணிவான மனிதர் என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்தது. புதிய எல்லையின் வடிவத்தில் ஒரு பெரிய கேக் செய்திருந்தார்கள். ஸ்கெல்டன் அதை வெட்டியபோது கத்தி தானாகவே சரிநடுவில் போனது. கவுண்டி அலுவலர்கள் மேல் துண்டையும் மாவட்ட அலுவலர்கள் கீழ்த் துண்டையும் எடுத்துக்கொண்டு அவரவர் பழைய கட்டடத்துக்குப் போனார்கள்.

மறுநாள் காலை நோரீன், எல்லாத் துறைக்கும் ஒரே எண் என்று புதிய கவுன்சில் அறிவித்திருந்த தொலைபேசி எண்ணை அழைத்தாள். சாலை என்றால் ஒன்றை அழுத்தச் சொன்னது ஒரு பதிவுக் குரல், கார் நிறுத்தம் என்றால் இரண்டை. ஒன்றை அழுத்தினாள். கிராதியா, அது இரண்டு என்றார்கள். இரண்டை அழுத்தினாள். வடிகாலா, அது ஒன்று என்றார்கள். ஒரே எண் என்று சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

விடாமல் மேலே மேலே போய், கடைசியில் சட்ட அலுவலர் க்வென்டின் லாத்பரியின் அறையில் உட்கார்ந்தாள். லாத்பரி நல்ல மனிதர். அவர் மேசையின் இடது பக்கம் ஒரு கோப்புக் கட்டு, வலது பக்கம் ஒரு கோப்புக் கட்டு.

"சட்டம் தெளிவா இருக்கும்மா," என்றார். "பழைய கவுன்சில் ரெண்டோட சொத்து, கடமை, ஒப்பந்தம், வழக்கு எல்லாமே புதுசுக்கு வந்துடுச்சு. உங்க வடிகால் தகராறும் அதுல ஒண்ணு. சேதாரம் இல்லாம பத்திரமா வந்து சேர்ந்திருக்கு."

"தகராறு யாருக்கும் யாருக்கும் சார்? இப்பத்தான் ஒரே ஆள் ஆகிட்டீங்களே?"

"அதுதாம்மா சிக்கனம்! முன்னாடி ரெண்டு வக்கீல் வேணும். இப்ப நான் ஒருத்தனே போதும். திங்கள், செவ்வாய் சாலைத் துறைக்காக எழுதுறேன். புதன், வியாழன் கார் நிறுத்தத்துக்காகப் பதில் எழுதுறேன்."

"வெள்ளிக்கிழமை?"

லாத்பரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன வாரம் எதிர்த்தரப்பு ரொம்பக் கடுமையா எழுதிடுச்சு. மனசு கஷ்டமாப் போச்சு. லீவு போட்டுட்டேன்."

"சரி, கடைசில யார் ஜெயிப்பாங்க?"

"யார் ஜெயிச்சாலும் கவுன்சிலுக்கு வெற்றி. யார் தோத்தாலும் மேல்முறையீடு."

"என் கடை சார்?"

"உங்க கடை இந்த வழக்குல ஒரு தரப்பே இல்லையேம்மா," என்றார் லாத்பரி, உண்மையான வருத்தத்தோடு.

பொதுமக்கள் கேள்வி நேரத்தில் கேட்டுப் பார்த்தாள். கேள்வியை ஐந்து வேலை நாள் முன்னதாக எழுதித் தர வேண்டும், மூன்று நிமிடத்துக்குள் வாசிக்க வேண்டும், கைதட்டக் கூடாது. அவள் வாசித்தாள். ஸ்கெல்டன் எழுந்து, "கேள்விக்கு நன்றி" என்றார். அதுதான் பதில் என்று பிறகு குறிப்பேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஒரு விஷயம் அஜெண்டாவில் ஏற வேண்டுமானால் அதை ஓர் உறுப்பினர் கொண்டுவர வேண்டும் என்று வாசலில் இருந்த ஊழியர் ரகசியமாகச் சொன்னார்.

ஆகஸ்டில் எங்கள் வார்டு உறுப்பினர் மகளோடு இருக்கப்போவதாகச் சொல்லி ஸ்பெயினுக்குக் குடிபோனார். இடைத்தேர்தல் வந்தது.

"நான் நிக்கப்போறேன்," என்றாள் நோரீன்.

"நீ அங்க போய் நின்னா இங்க மாவு யாரு கரைக்கிறது?" என்றான் லென்.

"நீதான்."

"என் மாவு கட்டி கட்டியா இருக்கும்னு நீதானேடி சொல்லுவ."

"அதனாலதான் ஜனங்க எனக்கு ஓட்டுப் போட்டு, பின்னாடி வருத்தப்படுவாங்க. போட்டதுக்கு அப்புறம் வருத்தப்பட்டா போதும்."

மற்ற வேட்பாளர்களின் துண்டறிக்கையில் தொலைநோக்கு, துடிப்பான சமூகம், நிலைத்த எதிர்காலம் எல்லாம் இருந்தன. நோரீனுடையதில் ஒரே வரி: "வடிகாலைச் சுத்தம் செய்வேன்." நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். கழுத்தில் தொங்கவிட ஓர் அடையாள அட்டை கொடுத்தார்கள். இரண்டு வாரம் பயிற்சி நடந்தது. அமைச்சரவை முடிவெடுக்கும், மேற்பார்வைக் குழு அந்த முடிவைப் பற்றிக் கவலைப்படும் என்று கற்றுக்கொண்டாள். மழைநீர்க் குழுவில் ஏழாவது நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. நவம்பர் கூட்டத்தின் அஜெண்டாவில் ஒன்பதாவதாக அச்சிட்டிருந்தது: "வியர் லேன் வடிகால், முழுவதும்." அந்த "முழுவதும்" என்ற சொல்லை நுழைக்க அவள் பட்ட பாடு தனிக் கதை.

கூட்டம் மதியம் இரண்டு மணிக்கு. காலையிலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. எட்டு பொருள்கள் முடிந்தன. குழுத்தலைவி ஹென்ரியெட்டா வோக்ஸ் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பொருள் ஒன்பது. இதுல சொந்த ஆதாயம் யாருக்காவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க," என்றார்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த லாத்பரி இருமினார். "தலைவி அவர்களே, கவுன்சிலர் ஹாப்லியோட கடை அந்த வடிகாலுக்கு நேர் எதிர்ல இருக்கு. அவங்க வெளிய போகணும்."

நோரீன் அவரைப் பார்த்தாள். "நான் கவுன்சிலரா வந்ததே இதுக்குத்தான் சார்."

"அதனாலதான் நீங்க போகணும்."

"என் வடிகால் பத்திப் பேசற ஒரே நிமிஷத்துல நான் இருக்கக் கூடாதா?"

"விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். விலக்குக் குழுவுக்குத் தலைவர் பழைய கவுண்டி ஆளா, மாவட்டத்து ஆளான்னு இன்னும் முடிவாகல. மத்த எல்லா விஷயத்துக்கும் நீங்க தாராளமா இருக்கலாம். நாயைக் கூட்டிட்டு நடக்கற பாதை பத்தி நீங்க பேசினது எல்லாருக்கும் பிடிச்சுது."

நோரீன் எழுந்து வெளியே போனாள். வெளி நடைக்கூடத்தில் ஒரு தேநீர்க் கொதிகலனும் ஒரு தட்டு பிஸ்கட்டும் இருந்தன. அவள் கோப்பையை நிரப்பும்போதே கதவு திறந்தது. வந்தவர் குழு உறுப்பினர் நெவில் கஸ்ஸன், பெரிய உடம்பு, பெரிய குரல்.

"நீங்க ஏன் நெவில்?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உன் கடைல காட் மீன் திங்கறேன்ல. நீ எனக்கு ஒரு துண்டு அதிகமாப் போடறத லாத்பரி பார்த்திருக்கான். ஆதாயமாம்."

அடுத்து இருவர் வந்தார்கள், அந்தக் கார் நிறுத்தத்தில் இலவசமாக வண்டி விடும் அனுமதி அவர்களிடம் இருந்தது. நான்காமவரின் மைத்துனர் உறிஞ்சும் லாரி ஓட்டுகிறார். ஐந்தாமவர் தனக்கு என்ன ஆதாயம் என்று கண்டுபிடிக்க முடியாமல், இருந்து தொலைத்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் வந்துவிட்டார். கடைசியில் ஹென்ரியெட்டா வோக்ஸே கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்.

"நீங்களுமா?"

"வியர் லேன் பூச்செடிச் சங்கத்துக்கு நான் கௌரவத் தலைவி," என்றார் அவர். "அந்தத் தொட்டிங்க கிராதிலேருந்து பதினோரு அடி. சர்க்கரை எங்க?"

உள்ளே லாத்பரி மட்டும் இருந்தார். வெளியே முழுக் குழுவும் நின்றது.

"இதுல என்னதான் பிரச்சனை?" என்றார் நெவில், பிஸ்கட்டை முக்கிக்கொண்டே. "மொத்தக் கிராதியையும் தூக்கி ரெண்டு பக்கமும் அள்ளிப் போட வேண்டியதுதானே?"

"அதானே," என்றார் லாரிக்காரரின் மைத்துனர்.

"யாருக்காவது ஆட்சேபணை?" என்றார் ஹென்ரியெட்டா, பழக்கதோஷத்தில். யாருக்கும் இல்லை. பத்து வருடத்துக்கும் மேலான தகராறு ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் ஏகமனதாகத் தீர்ந்தது.

நோரீன் கதவைத் திறந்து, "சார், முடிவு பண்ணிட்டோம்!" என்றாள்.

"நடைக்கூடத்துல பேசறது என் காதுல விழாதும்மா," என்றார் லாத்பரி. பிறகு காலி நாற்காலிகளைப் பார்த்து, கணீரென்ற குரலில் அறிவித்தார்: "போதிய உறுப்பினர்கள் இல்லாததால் பொருள் ஒன்பது பிப்ரவரிக்கு ஒத்திவைக்கப்படுகிறது."

அப்போது நோரீனின் தொலைபேசி அடித்தது. லென்.

"நோரீன், தண்ணி முதல் படிக்கு வந்துடுச்சு. மீனெல்லாம் மேல எடுத்து வெச்சுட்டேன். அடுப்ப எப்படித் தூக்கறது?" அவன் குரலில் நக்கல் துளியும் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

தொலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு அவள் ஆறு பேரையும் பார்த்தாள். "கூட்டம் கலைஞ்சிடுச்சா?"

"எப்பவோ," என்றார் ஹென்ரியெட்டா.

"அப்ப இப்ப நீங்க யாரும் குழு இல்ல. என்னையும் சேத்து வெறும் ஏழு பேர். யார் கார்ல மம்மட்டி இருக்கு?"

ஹென்ரியெட்டாவின் காரில் இரண்டு இருந்தன. பூச்செடிச் சங்கம் என்றால் சும்மாவா?

நல்ல ஷூவும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஏழு கவுன்சிலர்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்ற அந்தக் காட்சியை வியர் லேன் சனங்கள் சன்னல் வழியாகப் பார்த்தார்கள். நெவிலும் லென்னும் கிராதியைத் தூக்கினார்கள். மற்றவர்கள் முறை வைத்து அள்ளினார்கள். இரண்டாவது படி நனைந்தது. மூன்றாவது படியைத் தொட்டபோது அடியில் எங்கோ பெரிதாக ஓர் ஏப்பச் சத்தம் கேட்டது. தண்ணீர் சுழன்றது, இறங்கியது. கடை வாசலில் ஒரு சேற்றுக் கோடு நின்றது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. லென் எல்லாருக்கும் பொரித்துக் கொடுத்தான். மாவு கட்டி கட்டியாகத்தான் இருந்தது. ஏழு பேரும் இன்னொரு தடவை கேட்டு வாங்கினார்கள்.

பன்னிரண்டாம் நாள் லாத்பரியின் கடிதம் வந்தது. கவுன்சிலின் சொத்தில் அனுமதியின்றிப் பணி செய்யப்பட்டுள்ளது. அப்புறப்படுத்தப்பட்ட சேறு இருபத்தெட்டு நாளுக்குள் பழைய இடத்திலேயே, இரு பாதிகளிலும் முன்பிருந்த விகிதத்தில், திரும்ப வைக்கப்பட வேண்டும். அல்லது, செய்துவிட்ட பணிக்குப் பின்னேற்பு அனுமதி கோரி மழைநீர்க் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் நிலுவையில் உள்ளவரை சேற்றைத் திரும்ப வைக்கத் தேவையில்லை.

சேறு அப்போது ஹென்ரியெட்டாவின் ரோஜாப் பாத்தியில் இருந்தது. ரோஜாக்கள் அதைத் திருப்பித் தருவதாக இல்லை.

"இப்ப என்னடி பண்றது?" என்றான் லென்.

நோரீன் கடைசி வாக்கியத்தை மறுபடி ஒருமுறை வாசித்தாள். பிறகு இன்னொரு முறை. பயிற்சி வகுப்பில் பிடிபடாத ஏதோ ஒன்று அந்த நேரத்தில் அவளுக்குப் பிடிபட்டது. "விண்ணப்பம் போடறதுதான்," என்றாள்.

பிப்ரவரியில் அது பொருள் நான்காக வந்தது. நிராகரிக்க வேண்டும் என்பது அலுவலர் பரிந்துரை. ஆனால் குழுவின் ஏழு பேருமே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர்கள். அவர்களுக்குப் பதிலாக மாற்று உறுப்பினர்களைப் போடலாம். போடுகிற அதிகாரம் விதிப்படி அந்தக் குழுவுக்குத்தான். ஏழு பேரும் எழுந்து, ஆதாயத்தை அறிவித்து, வரிசையாக நடைக்கூடத்துக்கு வந்தார்கள். உள்ளே லாத்பரி காலி நாற்காலிகளிடம், விஷயம் மே மாதத்துக்கு ஒத்திவைக்கப்படுவதாகச் சொன்னார். மே மாதம் செப்டம்பருக்கு ஒத்திவைத்தார்.

ஒற்றைக் கவுன்சிலின் முதல் ஆண்டறிக்கையில், நாற்பது ஆண்டுகளில் காணாத அளவுக்கு வியர் லேன் வடிகால் சீராக இயங்குவதாக ஸ்கெல்டன் எழுதியிருக்கிறார். ஒருங்கிணைப்பின் பலன் என்கிறார்.

செப்டம்பர் கூட்டத்தன்று நடைக்கூடத்துச் சன்னலில் மறுபடி மழை அடித்தது. இலைகள் உதிரத் தொடங்கியிருந்தன. ஹென்ரியெட்டா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

"நோரீன், திரும்பவும் அடைச்சுக்கிட்டா?"

"அடைக்கட்டும்," என்றாள் நோரீன். "மம்மட்டி ரெண்டும் உங்க கார்ல இருக்கு. நாமதான் வெளிய நிக்கிறோமே."